விபுலாநந்த அடிகளும் யாழும்

இசைக்கருவி ஒன்றின்மேல் ஒருவர்க்குக் காதல் பிறக்கும் வகை யாவரும் அறிந்ததே. திருக்கோயிலிற் சாயரட்சைப் பொழுதில் நாகசுரங் கேட்ட சிறுவன் அதன் வழியே மனத்தைப் போக்குவான். பின்பு அதனைக் கையில் ஏந்திப் பார்ப்பான். ஒன்று கனக்கும், ஒன்று சுருதியில் நில்லாது. பலவற்றை ஊதிக் கழித்துத் தன் மூச்சுக்கு இயைந்த ஒன்றனைக் கண்டு அதனை விடாது பற்றிக்கொள்வான். காட்சி முன்னர், காதல் பின்னர். இதுவே உலகியல். இம்முறை மாறி, பல நூற்றாண்டுகளாக எவர் கண்ணிலும் படாத கருவி ஒன்றின்மேற் காதல் கொண்டு, அதனைத் தேடுதலிலே தம் வாழ்நாளின் நற்பகுதியைச் செலவிட்டவர் ஒருவர் உளர். அவரே யாழ்நூல் யாத்த விபுலாநந்த அடிகள்.

காட்சி, கருதல், உரை என அளவை மூன்றில் அடங்கும் என்பது நம் மரபு. அடிகளுக்கு யாழ்பற்றிய காட்சி இல்லை. உரை ஒன்றே இருந்தது. உரையினின்று கருதலுக்கும், கருதலினின்று காட்சிக்கும் அவர் நடந்த வழியையே ஈண்டு யாம் சொல்லப் புகுகின்றோம்.

ஈழநாட்டின் கீழ்கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவு என்னும் ஊரில், 1892-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாளில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாய் அடிகள் தோன்றினர். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். அவ்வூரில் கண்ணகியம்மன் கோயில் ஒன்றுண்டு. வைகாசித் திங்களிற் சடங்கு நிகழும்போது கண்ணகி வழக்குரைத்த வரலாறு ஆங்கே பாட்டாகப் படிக்கப்படும். சோழநாட்டிற் பிறந்து பாண்டிநாட்டில் வழக்குரைத்து மலைநாட்டில் தெய்வமானவளைத் தமிழகம் பெரும்பாலும் ஏட்டிலே வைத்துப் போற்ற, கடல்கடந்த மட்டக்களப்பார் கோயிலிலே வைத்து வழிபட்டனர். அடிகள் பிறந்த அந்த 1892-ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையரவர்கள் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் அச்சிட்டு வெளிப்படுத்தினார்கள். யாழின் இலக்கணத்தைத் தன்னகத்தே பொதிந்துவைத்த நூலும், அதனைத் திறக்கவேண்டிய குழந்தையும் ஓராண்டிலே வெளிவந்தமை யாம் பல்காலும் எண்ணி வியப்பதொன்று.

மட்டக்களப்பு வாவிக்கு மற்றொரு சிறப்புமுண்டு. நிறைமதி நாளிரவில் தோணியை வாவி நடுவே நிறுத்தி, துடுப்பின் ஒருமுனையை நீரிலாழ்த்தி மறுமுனையைச் செவியிற் பொருத்தின், நரம்பை மெல்லத் தெறித்தாற்போன்ற ஓர் ஒலி கேட்கும் என்பர். அதனைப் பாடுமீன் என்று அந்நாட்டார் வழங்குவர். மீனோ, சிப்பியோ, வேறெதுவோ, அஃது இயற்கைநூலார் ஆராயவேண்டியது. அடிகள் அவ்வொலியை நீரரமகளிர் இசையாகக் கொண்டு பிற்காலத்தே பாடலும் இயற்றினர்.

பள்ளிப் படிப்பை விரைந்து சொல்லி அப்பாற் செல்வோம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறித்தவ பாடசாலைகளில் ஆங்கிலங் கற்றனர். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது தென்கோவைக் கந்தையாபிள்ளையவர்கள்பால் தமிழ் நூல்களைப் பாடங்கேட்டனர். 1916-ஆம் ஆண்டில் விஞ்ஞானத்தில் தகுதிப் பத்திரமும், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே எய்தினர். ஈழத்தினின்று அப்பண்டிதத் தேர்வில் முதன்முதல் தேறியவர் அவரே. பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றனர். ஒலியை அளந்து கணக்கிடும் கல்வியும், ஏட்டுச் சுவடியின் சொல்லை நிறுத்துப் பார்க்கும் கல்வியும் ஒருவரிடத்தே சேர்ந்தமை அந்நாளில் அரிது, இந்நாளிலும் அரிதே.

அதன்மேல் யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராயும், 1920-இல் மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைவராயும் இருந்தனர். கண்ணிழந்த பாணன் ஒருவன் யாழிசைத்துப் பரிசிலாகப் பெற்ற நிலம் ஆதலின் யாழ்ப்பாணம் எனப் பெயர்த்து என்பது அந்நாட்டு மரபு. அப்பெயர்கொண்ட நாடு முழுதும் தேடினும் ஒரு யாழ் அகப்படாது. வீட்டுப்பெயர் நிற்க, வீட்டார் இல்லாத நிலை அது.

1922-இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தனர். 1924-இல், இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர் மாணாக்கராகிய சிவாநந்த சுவாமிகளிடம் துறவுபூண்டு விபுலாநந்தர் என்னுந் திருநாமம் ஏற்றனர். நம் மரபினருட் சிலர், வேதாந்த மடத்திற் சேர்ந்தவரைச் சைவத் திங்களிதழிற் போற்றுதல் என்னையோ எனக் கடாவக்கூடும். மாயாவாதத்தை மறுக்கும் இடத்தில் யாம் மறுக்கத் தவறியதில்லை. ஆயினும் தேவாரப் பண்ணின் வேரைத் தேடிச் சென்றவரை மடத்தின் பெயர்கேட்டு ஒதுக்குதல் சிவனடியார்க்கு அடாது. நம் மடங்களில் இருந்து ஒருவர் செய்திருக்கவேண்டிய பணி அது. செய்யாமையை நினைந்து நாணுதல் தகும். செய்தவர்மேற் குறைகூறல் தகாது.

1926-இல் மதங்கசூளாமணி என்னும் நாடக ஆராய்ச்சி நூலை அடிகள் வெளியிட்டனர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்வது அது. திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனாரின் வாழ்க்கைத் துணைவியார் திருப்பெயரும் மதங்கசூளாமணியே. பாணனார் இல்லத்தின் வாயிலில் அடிகள் அன்றே வந்து நின்றுவிட்டனர் எனல் மிகையாகாது. உள்ளே புகுதற்கு இன்னுஞ் சில ஆண்டுகள் சென்றன.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் அடிகளைத் தம் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தனர். 1933 வரை தில்லையம்பதியில் இருந்தனர். யாழ்பற்றிய வேட்கை அவரை முழுதும் பற்றிக்கொண்டது அக்காலத்தையொட்டியே. அதற்குக் காரணமானது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. அக்காதையில் யாழாசிரியன் எத்தகையனாதல் வேண்டும் எனக் கூறுவன 25 அடிகள். நரம்பு கட்டும் முறையும், பாலை பிறக்கும் முறையும், ஒன்றிலிருந்து மற்றொன்று திரியும் முறையும் அவற்றுள்ளே செறிந்து கிடக்கின்றன. உண்மையைச் சொல்லிவிடுதல் நன்று: மாணாக்கர்க்குச் சிலம்பு பாடஞ்சொல்லும் யாம் பலரும் இவ்வடிகள் வந்தவுடன் உரையை ஒருமுறை உரக்கப் படித்து, இது இசைநூல் வல்லார் அறியத்தக்கது என்று கூறி, அடுத்த பகுதிக்குத் தாண்டிவிடுவோம். எமக்குப் பாடஞ்சொன்ன ஆசிரியரும் அவ்வாறே தாண்டினர். இசை வல்லாரோ, இது தமிழ்ப்புலவர்க்கு உரியது என்று தாண்டினர். இருவரும் தாண்டிச்சென்ற இடத்தில் அடிகள் அமர்ந்துவிட்டனர்.

அப்பர் சுவாமிகள் திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றில் ஒரு தலைவியைக் காட்டுவர். இறைவன் பெயர், நிறம், ஊர் என ஒவ்வொன்றாகச் செவியேற்று, காணாதே பேதுற்று, உற்றாரையும் நீங்கியவள் அவள். யாழின் பெயர்கேட்டு, அதன் உறுப்புக்களின் இயல்புகேட்டு அடிகள் எய்திய நிலையும் அதனோடு ஒத்ததே.

யாழ் எவ்வாறு மறைந்தது? நம் புராண மரபில் அதன் முடிபுபோலத் தோன்றும் ஒரு நிகழ்ச்சி தருமபுரத்தில் நடந்தது. இத்தருமபுரம் காரைக்காலை அடுத்த பாடல்பெற்ற தலம். மயிலாடுதுறையில் ஆதீனம் விளங்கும் தருமபுரம் அன்று. பாணனாரின் சுற்றத்தார், பிள்ளையாரின் பதிகம் பரவுதற்குக் காரணம் இவர் யாழிலிட்டு வாசித்தலே என்று பேச, பாணனார் நடுங்கிப் பிள்ளையாரை வேண்ட, கருவியில் அடங்காத இசையிற் பிள்ளையார் பதிகம் அருளினர். யாழ்மூரி என்பது அதுவே. விரல் தடுமாறிய பாணனார், இக்கருவியன்றோ எனக்கு இப்பிழையை விளைத்தது என்று யாழை உடைக்கப் புக்கனர். பிள்ளையார் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கி, சிவசத்தியின் பெருமை முழுதும் ஒரு கருவியிற் புலப்படுமோ எனத் தெளிவித்து, இயன்ற அளவில் வாசிக்குமாறு மீண்டும் அவர் கையிற் கொடுத்தருளினர். உடையாது காக்கப்பெற்ற அந்த யாழ் பாணனாரோடு நல்லூர்ப் பெருமணம்வரை சென்றது. பெருமணச் சோதியில் அவர் கலந்தபின் நம் வரலாற்றில் யாழின் ஓசை மெல்ல மெல்ல அடங்கியது. வீணை மேலோங்கியது. பிற்காலத்தார் யாழென்பதும் வீணையென்பதும் ஒன்றே எனக் கொண்டனர். பாணனார் திருவுருவத்தை வரைவோரும் அவர் கையில் வீணையையே வரைந்து வந்தனர். நம் மடங்களிலே தொங்கும் படங்களிற் பலவும் இத்தகையனவே.

இரண்டும் ஒன்றல்ல என்பதை அடிகள் நிறுவினர். வீணையில் ஒரு நரம்பே மெட்டுக்களின்மேல் அழுத்தப்பெற்றுப் பல சுரங்களைத் தரும். யாழிலோ ஒவ்வொரு நரம்பும் ஒவ்வோர் இசைக்கே உரியது. வளைந்த கோட்டிலிருந்து பத்தர்வரை நெடிதுங் குறிதுமாக வரிசைபட நிற்பது. பொருநராற்றுப்படை இக்கருவியை உறுப்புறுப்பாக வருணிக்கின்றது. மானின் குளம்பு பதிந்த சுவடுபோல நடுவுயர்ந்து இருபுறமுந் தாழ்ந்த பத்தர்; சூல்கொண்ட மங்கையின் வயிறுபோலத் தைத்துப் போர்த்த தோல்; நண்டின் கண்போல்வன துளை மறைக்கும் ஆணிகள்; எட்டாம்பிறை போல்வது வாய்; படமெடுத்த பாம்புபோல்வது கோடு; தினையரிசிபோலக் குற்றமற முறுக்கியது நரம்பு. புலவர்க்கு இவை உவமைகள். அடிகளுக்கு இவை தச்சனிடம் கொடுக்கவேண்டிய அளவுகள். ஓர் உவமையை நலம்பாராட்டி நிற்பதற்கும், அதனைக்கொண்டு ஒரு பொருளைச் செய்துவிடலாம் என்று துணிவதற்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது. அத்தொலைவைக் கடந்தவர் அவர்.

வில்லே யாழின் தொடக்கம் என்று கொண்டு வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என ஒவ்வொன்றன் வடிவையும் ஆராய்ந்தனர். பேரியாழ்க்கு நரம்பு 21, மகரயாழ்க்கு 19, சகோடயாழ்க்கு 14, செங்கோட்டியாழ்க்கு 7 என்பது அடியார்க்குநல்லார் காட்டும் கணக்கு. பாணனார் கையில் விளங்கியது சகோடயாழ் என்பர். பெரும்பாணாற்றுப்படையிலே முல்லைநிலத்து இடையன் ஒருவன் வருகின்றான். தீக்கடைகோலால் துளையிட்ட குழலை நெடுநேரம் ஊதி, அது சலித்தபின், உள்துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து மரல்நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து விரலால் தெறித்து மகிழ்கின்றான். தன் மனத்திற்கேற்ற கருவியை அவன் எளிதிற் கண்டுகொண்டான். கொம்பும் நாரும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. அடிகளுக்கோ சொற்களே கிட்டின.

வடிவு கிடைத்தாற் போதாது. நரம்பை எவ்வளவிற் கட்டுவது? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 அலகு வகுத்தனர் முன்னோர். அலகு என்பது செவியளவிலே நிற்பதோ, கணக்கில் அடங்குவதோ? இவ்விடத்தே அடிகளின் விஞ்ஞானக் கல்வி கைகொடுத்தது. ஒரு நரம்பிற் பாதியைத் தெறித்தால் மேற்குரல் பிறக்கும். மூன்றிலிரண்டு பங்கைத் தெறித்தால் இளி பிறக்கும். இளிக்கு இளியாய் நிற்பது துத்தம். இவ்வாறு இளிமுறையிற் சென்று ஒவ்வோர் இசையின் எண்ணையும் வரையறுத்து, பண்டையோர் சூத்திரங்களில் வைத்தவை வெறும் சொல்லலங்காரம் அல்ல, சரியான கணக்கே என்று காட்டினர். ஏழு நரம்பையும் மாற்றிக் கட்டாமலே, ஒவ்வொன்றையும் முறையே குரலாகக் கொண்டால், செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழு பாலையும் பிறக்கும். நரம்புகளுக்குள்ளே இணை, கிளை, நட்பு, பகை என்று உறவு கூறிய முன்னோரின் நுண்ணறிவை அடிகள் வாயிலாக அறிந்தபோது, இத்தனைகாலம் இச்சொற்களை அகராதிப் பொருளளவிலே மனப்பாடஞ் செய்துவைத்திருந்தோமே என யாம் வருந்தினோம்.

அடிகள் கூறியன யாவும் எல்லாரும் ஒப்பமுடிந்தவை அல்ல. அவர்க்கு முன்னரே, 1917-இல், தஞ்சை ஆபிரகாம் பண்டிதரவர்கள் தமது கருணாமிர்த சாகரத்தில் 22 என்னுங் கணக்கை மறுத்து 24 என நிறுவ முயன்றனர். பின்வந்த இசையாராய்ச்சியாளருட் சிலரும் அடிகளின் முடிபுகளிற் சிலவற்றை மறுத்துளர். பாணனார் கையில் இருந்த யாழ் இதுவேதான் என்று சூளுரைக்க எவராலும் இயலாது. கருதலளவைக்கு உரிய எல்லை அது. ஆயினும் மறுப்பவரும் அடிகள் இட்ட வழியிலே நின்றுதான் மறுக்கின்றனர்.

இவ்வாராய்ச்சி ஓரிடத்திருந்து அமைதியாகச் செய்யப்பட்டதன்று. ஈழத்தில் இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகள் பலவற்றை நடத்தும் பொறுப்பு அடிகள் தலைமேல் இருந்தது. கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயம் 1929-இல் அவர் முயற்சியால் எழுந்தது. 1936-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பண்டைத் தமிழிசைபற்றி விரிவுரை நிகழ்த்தினர். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் ஆங்கிலத் திங்களிதழாகிய பிரபுத்த பாரதத்தின் ஆசிரியராய் இருந்தனர். பனிமலையடியிலும் தமிழ் நரம்பின் கணக்கு அவரை விட்டிலது. 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராயினர். போனவிடமெல்லாம் கைப்படிகளைச் சுமந்து சென்றனர். புதுக்கோட்டையிற் சிதம்பரம் செட்டியார் என்னும் செல்வர் இடமும் பொருளும் உதவினர். ஏறக்குறைய 14 ஆண்டு இவ்வாறு கழிந்தது. உடலும் தளர்ந்தது.

நூல் ஏழு இயலாக முடிந்தது. அவற்றுள் நமக்கு உயிராயது தேவாரவியல். யாழின் வடிவை மட்டுங் கண்டு அமைவதாயின் அஃது அருங்காட்சிச்சாலைக்குரிய செய்தியாய் முடிந்திருக்கும். அடிகள் யாழைத் தேடியது அதன் நரம்பிலிருந்து பிறந்த பண்களுக்காக. பண்களைத் தேடியது அவற்றில் நிற்கும் திருப்பதிகங்களுக்காக. 103 பண்களையும் வகைப்படுத்திக் காட்ட முயன்றனர். குடுமியான்மலை இசைக்கல்வெட்டையும் ஆராய்ந்தனர். ஓதுவாமூர்த்திகள் மரபாகக் காத்துவந்த பண்முறைக்கும் சிலம்பு கூறும் இலக்கணத்திற்கும் இடையே அறுந்துகிடந்த இழையைத் தேடி முடிச்சிட்டவர் அவர். பல கோயில்களில் ஓதுவாரின்றித் தேவாரம் ஒலிக்காத இக்காலத்தில் அம்முடிச்சின் அருமை இன்னும் மிகுதியாகத் தோன்றுகின்றது.

1947-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் வெளியிட, யாழ்நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. வேறெவ்விடமும் அத்துணைப் பொருத்தமாகாது. வெள்ளம் பெருகிய ஆற்றில் ஓடக்காரர் இலராக, திருஞானசம்பந்தப் பிள்ளையார் தம் திருநாவே கோலாக ஓடஞ்செலுத்திப் பதிகம்பாடிக் கரையேறிய தலம் அது. அடிகள் கூறிய அளவின்படி செய்யப்பெற்ற கருவிகளை ஏந்தி அன்பர் ஊர்வலம் வந்தனர். பாணனார் கையில் யாழை மீண்டுங் கொடுத்தருளிய பிள்ளையாரின் தலத்திலே, பல நூற்றாண்டு ஓய்ந்திருந்த நரம்புகள் அன்று ஒலித்தன. ஏட்டில் மட்டுமே கண்டிருந்த பத்தரும் கோடும் மரமும் தோலுமாய்த் தம் எதிரே நிற்ப, தளர்ந்த உடலோடு அடிகள் அவற்றைக் கண்டனர், கேட்டனர்.

அடுத்த திங்களே, 1947 ஜூலை 19-ஆம் நாளில், கொழும்பில் அடிகள் சிவபதம் எய்தினர். அப்போது ஆண்டு 55. திருமேனி மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பெற்று, கல்லடி உப்போடையில் அவர் எழுப்பிய சிவாநந்த வித்தியாலயச் சூழலில் அடக்கஞ் செய்யப்பட்டது. சமாதியின்மேல், ஈசனுக்கு உவந்த மலர் எது என வினாவி உள்ளக் கமலமே என விடைகூறும் அவர்தம் பாடல் பொறிக்கப்பட்டுள்ளது. அதற்கு அணித்தே, நிறைமதி நாளிற் படகோட்டிகள் துடுப்பைச் செவியிற் பொருத்திக் கேட்கும் வாவி கிடக்கின்றது.